விழுந்த காரணம்

...உருண்டதுதான் உருண்டது, அலமாரிக்கு அடியில்தான் போய் ஒளிய வேண்டுமா, இத்தனை பெரிய அறையில், தூசி இல்லாத, ஈரம் இல்லாத, இருபது டிகிரிக்கு மேலேயும் போகாத கீழேயும் போகாத, ராணுவமே பொத்திப் பொத்தி வைத்திருக்கிற இந்த அறையில், நான் இடுக்கியிலிருந்து நழுவவிட்ட இருபது கிராம் எடைக்கல்லுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா... முழங்காலில் உட்கார்ந்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்து, நாற்பத்தாறு வயதில் முழுச் சீருடையோடு, பூனைக்குட்டியைத் தேடுகிறவன் மாதிரி வா, வா என்று வாய்க்குள் கூப்பிட்டும் பார்த்தேன். அந்தக் கல்லை வெறுங்கையால் தொடக் கூடாது, விரல் ரேகை பட்டாலே எடை மாறிவிடும், அவ்வளவு ரோஷம் அதற்கு, பட்டாலே அப்படி என்றால் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஒருவழியாக இடுக்கிக்குள் அகப்பட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல்கூடத் தெரியவில்லை, பளபளவென்று ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது, என்னைப் போலவே. மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு எனக்குச் செய்முறைத் தேர்வு, இதே கல்லை வைத்து, இதே கையால்.

பதினெட்டு வருஷமாக நான் ஒட்டாத ஸ்டிக்கர் இல்லை. விமானத்தின் காற்றழுத்த மானியிலிருந்து போல்ட் முறுக்கும் ஸ்பானர் வரைக்கும் எல்லாவற்றையும் சோதித்து, சரிபார்க்கப்பட்டது, அடுத்த சோதனை இந்தத் தேதி என்று ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என் நெற்றியில் ஒட்டத்தான் யாரும் இல்லை. இன்னும் நாலு மாதத்தில் பட்டாளம் என்னை வெளியே அனுப்பிவிடும். வெளியே போய் பதினெட்டு வருஷ அனுபவம் என்று சொன்னால், அதெல்லாம் இருக்கட்டும் சார், சான்றிதழ் இருக்கா என்கிறார்கள். அளவுக்கருவி சரிபார்ப்பு வல்லுநர் சான்றிதழ். அது இருந்தால் வேலை, இல்லாவிட்டால் ஏதாவது கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான். எழுத்துத் தேர்வு போன மாதமே முடிந்தது, தொண்ணூற்றொரு சதவீதம், மகள் பிளஸ் டூவில் வாங்கியதைவிட அதிகம் என்று வீட்டில் இரண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். காலர் உள்ள சட்டையா போட்டிருந்தேன்... இல்லை, பனியன் மாதிரி தலை வழியாக மாட்டுகிற சட்டை, இப்போதெல்லாம் மனைவி அதைத்தான் வாங்கி வருகிறாள், பட்டன் வைத்ததெல்லாம் பீரோவுக்குள் போய்விட்டது, ஃபேஷனாம்.

கல்லைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். யார் பார்த்தது? பெட்டியில் அதற்கென்று குழி இருக்கிறது, பட்டுத் துணி போட்ட குழி, போய்ப் படுத்துக்கொண்டால் அடுத்த வருஷம் மேல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் வரை யாருக்கும் தெரியாது, அப்போது நான் எங்கோ, கல் எங்கோ. ஆனால் இந்தக் கல்லை வைத்துத்தான் ஆயுதக் கிடங்குத் தராசைச் சோதிக்கிறோம், அந்தத் தராசில்தான் பீரங்கிக் குண்டுக்கு மருந்து நிறுக்கிறார்கள். கல் பொய் சொன்னால் தராசு பொய் சொல்லும், தராசு பொய் சொன்னால் மருந்து பொய் சொல்லும், கடைசியில் குண்டு யார் தலையில் போய் விழும் என்று... சரி, வைக்க மாட்டேன். நல்லவன் என்பதால் இல்லை, பயந்தாங்கொள்ளி. சரி, ஏன் விழுந்தது? அதைச் சொல், முதலில். பதினெட்டு வருஷமாக விழாதது இன்றைக்கு ஏன்... இடுக்கி பழசு. தரை வழுக்கல். தரை வழுக்கினால் நான்தானே விழ வேண்டும்?

"என்னண்ணே, காலங்காத்தால தரையில நீச்சலா?" சோடாபுட்டி வந்துவிட்டான். என்னோடு ஏழு வருஷமாக இதே மேஜையில் வேலை பார்க்கிறவன், கண்ணாடி அத்தனை கனம், ஆனால் எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. இடுக்கியைப் பார்த்தான், என் முழங்கால் தூசியைப் பார்த்தான், தூசியே இல்லாத அறை என்றா சொன்னேன், அலமாரிக்கு அடியில் இருக்கிறது. சிரிப்பு நின்றது. போய், பயன்படுத்தாதே என்று கட்டுகிற சிவப்பு அட்டையும் பிழை அறிக்கைப் படிவமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "உதிரி செட் இருக்குண்ணே, பத்து மணிக்கு அதை வச்சே நடத்திருவாங்க. இதுல காரணம்ங்கிற இடத்துல கவனக்குறைவுன்னு போட்டு ஒரு கையெழுத்து. பதினெட்டு வருஷத்துல ஒரு தடவை கவனக்குறைவு, யாரு கேக்கப்போறா?"

எந்தப் பொருள், எழுதினேன். எத்தனை மணிக்கு, எழுதினேன். யார் கையிலிருந்து, எழுதினேன், என் பெயர் எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது. விழுந்த காரணம். பேனா நின்றது. "டேய்," என்றேன், "என் கை நடுங்குதாடா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். "பரீட்சை நாள்ல யாருக்குத்தான் நடுங்காது?"

"நேத்து பரீட்சை இல்லையே."

"நேத்து ஏசி ஜாஸ்திண்ணே."

ஏசி ஜாஸ்தியாம். பதினெட்டு வருஷமாக ஒரு டிகிரி ஏறி இறங்காத அறையில். பொய் சொல்லவும் ஒரு பயிற்சி வேண்டும், பாவம், அவனுக்கு ஆகாது. போன வருஷத்திலிருந்து சின்னக் கற்களையெல்லாம் அவனே எடுத்துக்கொள்கிறான், பெரியவருக்குப் பெரிய கல் என்று ஐந்து கிலோவையும் பத்து கிலோவையும் என் பக்கம் தள்ளுவான், மரியாதை தெரிந்த பையன் என்று நானும் பூரித்துப்போனேன். கருவியில் பிழை இருந்தால் உடனே தூக்கிப் போட மாட்டோம், இத்தனை கூடக் காட்டுகிறது, இத்தனையைக் கழித்துக்கொள் என்று திருத்தம் எழுதிக் கொடுத்து வேலை வாங்குவோம். எனக்கும் யாராவது திருத்தம் போட்டு... மருத்துவ அறையில் கேட்டேனே, டாக்டர் என் கையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தபடி டீயைக் குறைங்க என்றார். எங்கள் வீட்டில் இன்னும் குறைக்க என்ன இருக்கிறது, மனைவி எனக்கு மட்டும் பாதி டம்ளர்தான் ஊற்றுவாள், குடித்து முடித்ததும் வந்து மறுபடி பாதி. ரேஷனா என்று கேட்டால் சூடாக் குடிக்கத்தான் என்பாள். அப்பா கடைசிக் காலத்தில் வலது கையை இடது கையால் பிடித்தபடியேதான் உட்கார்ந்திருப்பார். நான் ஒரு நாள், குளிருதாப்பா என்று கேட்டுப் போர்வை கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு ஆமாம்ப்பா என்று வாங்கிப் போர்த்திக்கொண்டார். அன்றைக்கு வெளியே தார் உருகுகிற வெயில்.

கவனக்குறைவு என்று எழுதினால் பத்து மணி, உதிரி செட், பெரிய கல்லாக வந்தால் பாஸ். கை நடுக்கம் என்று எழுதினால் மருத்துவக் குழு, பரீட்சையும் இல்லை சான்றிதழும் இல்லை, நாலு மாதத்துக்குப் பிறகு அந்த ஸ்டூல். எழுத்துத் தேர்வில் முப்பத்தேழாவது கேள்வி, தெரிந்த பிழையை அறிக்கையில் குறிப்பிடாமல் விடலாமா? விடக் கூடாது என்று அழுத்தி எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். தெரியாத பிழைக்கு மன்னிப்பு உண்டு, தெரிந்த பிழைக்குத்தான் கிடையாது. இதுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் சரியான ஆளிடம் கேட்கவில்லை, அதில் மட்டும் நான் கவனக்குறைவாகவே இருந்ததில்லை...

"எங்கண்ணே போறீங்க? மணி ஒன்பது ஆச்சு." நடைவழியில் சுவரில் டெலிபோன் இருக்கிறது. படிவத்தை அதன் பக்கத்தில் சுவரோடு வைத்து முழங்கையால் அழுத்திக்கொண்டு வீட்டு எண்ணைச் சுற்றினேன், இரண்டு தடவை தப்பான எண், ஒரு கிழவி திட்டினாள், மூன்றாவது தடவை மனைவி. "என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பாள். "இன்னும் ஆரம்பிக்கல. ஒண்ணு கேக்கணும், சுத்தி வளைக்காம சொல்லு." "கேளுங்க." கையைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன், நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. "எனக்கு மட்டும் ஏன் டீயைப் பாதி டம்ளர் ஊத்துற?" சிரிப்பாள் என்று நினைத்தேன், பரீட்சைக்குப் போன மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்பாள், நானும் சிரித்துவிட்டுப் போய்க் கவனக்குறைவு என்று எழுதிவிடலாம். சிரிக்கவில்லை. குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. நான் ரிசீவரைப் பிடித்திருந்த வலது கையை ஓரக்கண்ணால் பார்த்தேன், அதன் மணிக்கட்டை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது, எப்போது போய்ப் பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"முழுசா ஊத்துனா கையில கொட்டிக்கிறீங்க," என்றாள். "ரெண்டு வருஷமாச்சு."