காணும் பொங்கலுக்குள் ஒரு ஷாப்ட்

போகி

இரும்புக் கம்பி கடையும் லேத்தை நேற்றே டெம்போவில் கொண்டுவந்து இறக்கிவிட்டோம். பக்கத்து மேட்டுப்பாளையத்தில் மூடிவிட்ட பட்டறை ஒன்றில் கிடந்தது. மூலக்குளத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அதை நிறுத்திப் பார்த்தபோது, நாலைந்து வீட்டுச் சாமான்களைச் சேர்த்துக் கட்டியது போல இருந்தது. உடம்பு சாம்பல் நிறம். நீளமான கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் மட்டும் பச்சை. வேறு ஏதோ லேத்திலிருந்து கழற்றியது. கம்பியைக் கவ்வும் சக்கில் மூன்று தாடைகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்க வேண்டியதில் இரண்டுக்கு ஒரே எண். சக்கின் சாவி துளைக்குள் லொடலொடத்தது. விற்றவர் எல்லாம் சேரும் என்றார்.

சேர வேண்டும். அண்ணன் எழிலரசனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. வாரத்தில் ஒரு நாள் வருகிறான். ஒன்றரை வயது மகள் அவனைக் கண்டால் அண்ணியின் புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்கிறாள். வில்லியனூர் ரோட்டில் மோட்டார் பழுது பார்க்கும் விஜயராகவன் சார் காணும் பொங்கலன்று வருகிறார். நாங்கள் கடைந்து காட்டும் ஷாப்ட், அதாவது மோட்டாரில் சுழலும் தண்டு, பிடித்திருந்தால் தன் கடைசல் வேலை முழுவதையும் எங்களுக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படித் தந்தால் அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கலாம். இல்லாவிட்டால் அன்று மாலையே பஸ் ஏற வேண்டும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மாலை வகுப்பு டிப்ளமோவில் கற்றதுதான். அதனால் ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். ஒவ்வொரு பாகத்தையும் படம் வரைந்துகொண்டு கழற்றினேன், மண்ணெண்ணெயில் கழுவினேன், பேப்பர் மேல் வரிசையாகப் பரப்பினேன். பச்சை டெயில்ஸ்டாக்கின் அடியில் கிரீஸோடு கருத்து ஒட்டியிருந்த தகரங்களையும் சுரண்டி எடுத்தேன். போகியன்று வீட்டில் பழையது எதுவும் தங்கக் கூடாது. அண்ணி அஞ்சலாட்சி கிழிந்த பாய், உடைந்த முறம் எல்லாவற்றோடும் அவற்றையும் வாரிக் குப்பையில் போட்டாள்.

"மெஷினுக்கு எண்ணெக் குளியல் நடக்குது. பெத்த புள்ளையக் குளிப்பாட்ட ஒரு ஆளக் காணோம்" என்று அவள் சொன்னபோது, அண்ணன் குழந்தையைத் தூக்கப் போனான். அது அலறியது. திரும்பி வந்து லேத் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டான்.

மாட்டுப் பொங்கல்

எங்கள் தாத்தா ஊரில் இன்று மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடிப்பார்கள். எங்களிடம் மாடு இல்லை. அண்ணன் லேத்துக்கு அடித்தான், தலை முதல் கால் வரை ஒரே நீலம். பச்சை எது, சாம்பல் எது என்று இனி யாருக்கும் தெரியாது. சந்தனம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி ஓட்டினோம். சத்தமில்லாமல் ஓடியது.

நான் ஷாப்டைக் கடைந்து வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். சக் பக்கம் சரியாக இருந்தது. டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு நூலிழை தடிமன். நான் வெர்னியரைச் சாய்த்துப் பிடித்திருப்பேன் என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். ஷாப்ட் சூடாக இருந்ததாலோ என்று ஆறவைத்து அளந்தேன். வெர்னியரையே சந்தேகித்தேன். இன்னொரு கம்பி கடைந்தேன். அதுவும் அப்படியே.

"துணிக்கடக்காரன்கூட இவ்ளோ அளக்க மாட்டான் குழலி" என்றான் அண்ணன்.

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இந்தப் பக்கம் ஒரு கூர்முனை, அந்தப் பக்கம் ஒரு கூர்முனை பொருத்தி இரண்டையும் நெருக்கினேன். மூக்கும் மூக்கும் முட்ட வேண்டும். முட்டவில்லை. டெயில்ஸ்டாக் முனை கீழே இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. வேறு லேத்தின் டெயில்ஸ்டாக் இதற்குக் குள்ளம். முன்பு வைத்திருந்தவர் அடியில் தகரம் கொடுத்து உயர்த்தியிருக்கிறார். நான் அதை அழுக்கு என்று எடுத்துவிட்டேன். அது பாகமாகத் தெரியாததால் என் படத்திலும் இல்லை. குப்பை வண்டி போய்விட்டது.

பிஸ்கட் டின்னை வெட்டி அடியில் வைத்தேன். முனை இன்னும் கீழே. இரண்டு துண்டு வைத்தால் மேலே.

காணும் பொங்கல்

அண்ணன் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தான். அதைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "தடிமன் கண்ணுக்கே தெரியல. அவரு அளக்கவா போறாரு? குடுத்துடுவோம். அப்புறமா சரி பண்ணிக்கலாம்."

அவன் சொல்வது தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. விஜயராகவன் சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். குடும்பம் பீச்சுக்குப் போக வேனில் காத்திருந்தது. நீல லேத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறதே என்றார். ஷாப்டை வாங்கிப் பைக்குள் வைக்கப் போனார்.

"சார், அது சரியில்ல" என்றேன். "ஒரு பக்கம் தடிமனா இருக்கு. பேரிங் மாட்டுனா இறுக்கும்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தான்.

"அப்ப எதுக்கும்மா என்னைய வரச் சொன்னீங்க?" என்றார் அவர். நான் டெயில்ஸ்டாக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் பாதியில் வேனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஷாப்டை மேடை மேல் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருவேன், நேரம் இருந்தால் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போனோம். பஸ் நகரும்போது அண்ணன், "அண்ணிக்கு ஒத்தாசையா இரு" என்று மட்டும் சொன்னான். குழந்தை அண்ணி இடுப்பிலிருந்து கை காட்டியது. யாருக்குக் காட்டச் சொன்னார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்காது.

வெள்ளி

பெரிய மார்க்கெட் பக்கம் பழைய டப்பா விற்பவரிடம் நாலைந்து வகை தகரம் வாங்கினேன். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எண்ணெய் டின் தகரம் ஒன்றும், அதன் மேல் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளும் சேர்ந்தபோது இரண்டு மூக்கும் முட்டின. ஷாப்ட் இரண்டு முனையிலும் ஒரே அளவு. நான் நம்பவில்லை. அண்ணியைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள்.

விஜயராகவன் சார் சாயங்காலம் வந்தார். பையிலிருந்து, வெர்னியரைவிட நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்தார். அண்ணன் நினைத்தது போல அளக்காத ஆள் இல்லை. மூன்று இடத்தில் அளந்தார். ஷாப்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். வண்டியிலிருந்து தேய்ந்த ஷாப்டுகளை அள்ளி வந்து கொட்டகைத் தரையில் போட்டார்.

"செவ்வாக்கெழமைக்குள்ள வேணும். அண்ணன் எங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் அண்ணி செல்போனை எடுத்துவிட்டாள்.

"இன்னாங்க, லீவு போட வேணாம். வேலய வுட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

இவற்றையெல்லாம் கடைந்து அளந்த பிறகு சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் போன் அண்ணி கையில் இருந்தது.