எச்சில் திரவம்

மூன்றாவது தடவையும் ஆய்வகத் தட்டில் என் செல்கள் செத்துக்கொண்டிருந்தன. வயலில் அடிக்கிற பூச்சிமருந்து நரம்புச் செல்லை எப்படிச் சாகடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. மருந்து போட்ட தட்டில் செத்தால் நியாயம். ஒன்றுமே போடாத தட்டிலும் சாகிறதே, அதற்கு நான் யார் சட்டையைப் பிடிப்பது?

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மருந்து போடாத தட்டு உயிரோட இல்லைன்னா, வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துருவேன் ரூத்" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். அம்மா போனபிறகு வில்லாபுரத்து வீட்டில் என்னைப் பார்த்துச் சத்தம் கொடுப்பது குக்கர் மட்டும்தான். இந்த வேலையும் போனால் காலையில் எழுந்திருக்க எனக்குக் காரணமே கிடையாது.

அடிபட்டுச் சாகிற செல் ஊதி வெடித்து அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கும். என் தட்டில் நடந்தது அது இல்லை. செல் தானே சுருங்கி, தன் டிஎன்ஏவை நறுக்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போய்விடுகிறது. யாருக்கும் தொந்தரவில்லாத சாவு. விஷம், கதிர்வீச்சு, வைரஸ் எது வேண்டுமானாலும் அதைத் தூண்டலாம். என்னிடம் இவை எதற்கும் வழியில்லை. சுத்தத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. செல்களை நெருக்காமல் தள்ளித் தள்ளிப் போடுவேன். தினமும் செல்கள் வளரும் பழைய ஊட்டத் திரவத்தை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவேன்.

புதன்கிழமை, பக்கத்து மேசை நாகஜோதி கேட்காமலே என் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். கொட்டாம்பட்டிக்காரி, வாய் சும்மா இருக்காது.

"யக்கா, இம்புட்டுத் தள்ளியா போடுவாங்க? திசைக்கு ஒன்னா நிக்குது."

"சுத்தமா இருக்கணும்ல."

"சுத்தமாத்தேன் இருக்கு, சுடுகாடு மாதிரி. ஒன்னு சுரக்குறது இன்னொன்னுக்குப் போய்ச் சேந்தாத்தான உசிரோட இருக்கும்? நீங்க அம்புட்டையும் உறிஞ்சிக் கொட்டிர்றீங்க."

எனக்குத் தெரியாததா? வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சாவதற்கான ஏற்பாடு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தயாராக இருக்கிறது. பக்கத்துச் செல்கள் அனுப்பும் சமிக்ஞைதான் அதை நிறுத்திவைக்கிறது. அந்தச் சமிக்ஞை நின்றாலே செல் செத்துவிடும், தனியாக விஷம் வேண்டாம். படித்தது மண்டையில் இருந்தது, உறைக்கவில்லை.

நாகஜோதி செல்கள் நெருக்கியடித்த தன் தட்டிலிருந்து மஞ்சள் பாரித்த பழைய திரவத்தை வடிகட்டி நீட்டினாள். "என் செல்லுங்களோட எச்சி. இது பாதி, புதுசு பாதி. ஊத்துங்க."

டம்ளரில்கூட அண்ணாந்து குடிக்கிறவள் நான். எச்சில் என்றாலே எனக்கு ஆகாது. அதோடு, ஒருத்தரிடம் கைநீட்டி வாங்குவது பெரிய அவமானமாகவும் இருந்தது. வேறு வழியில்லாமல் வாங்கி, புதிதாக ஒரு தட்டில் செல்களை நெருக்கமாகப் போட்டு, அதை ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், அத்தனையும் தட்டைப் பற்றிக்கொண்டு, இழை இழையாக ஒன்றையொன்று நோக்கிக் கை நீட்டியிருந்தன. பேராசிரியர் பார்த்தார். "ம், தொடருங்க" என்றார், போய்விட்டார்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரிடம்? நாகஜோதி ஊர்த் திருவிழாவுக்கு லீவில் போயிருந்தாள். போன் செய்தேன். பின்னால் மேளச்சத்தம்.

"என்னாச்சுக்கா, பொழச்சிருச்சா?"

"பொழச்சிருச்சு ஜோதி."

"அப்படிப் போடுங்க! சரி, சாப்டீங்களா?"

மதுரையில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"யக்கா? லைன்ல இருக்கீங்களா? சத்தத்துல ஒன்னும் கேக்கல, வச்சிரவா?"

"வச்சிராத ஜோதி" என்றேன். "கொஞ்ச நேரம் எதையாச்சும் பேசு."