உப்புத் தண்ணீரில் ஆறு பட்டைகள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து சொந்த ஊரான பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ராஜபாய், ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் தன் மேசைக்குப் போனாள். கண்ணாடித் தொட்டியின் உப்புத் தண்ணீரில் ஆறு உலோகப் பட்டைகள் நைலான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. நாலு மாதமாகக் கறுத்து, களிம்பு பிடித்துக் கிடந்த பட்டைகள். இப்போது ஆறும் பளபளவென்று இருந்தன.

அவை சும்மா செம்புத் துண்டுகள் அல்ல. செம்போடு துத்தநாகமும் அலுமினியமும் சேர்ந்த கலவை. வளைத்தால் வளைந்து கிடக்கும். சூடு பட்டால் பழைய வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கே திரும்பிவிடும். மனுஷரில் பாதிப் பேருக்கு இல்லாத குணம். ஆனால் கடல் தண்ணீரில் எத்தனை நாள் அரிக்காமல் தாங்கும்? அதைத்தான் ராஜபாய் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை போட்டு எழுதி வந்தாள். களிம்பை விரலால் தொடக்கூடாது. அந்தக் களிம்பு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறதா கெடுக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சியே. டிசம்பரில் அறிக்கை கொடுத்தால், மூன்று வருஷமாகத் தற்காலிகமாகத் தொங்கும் அவள் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

உடனே எடை போட்டாள். ஆறிலும் குறைந்திருந்தது.

யாரோ பட்டைகளை மாற்றி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, சேஷன்தான். அடுத்த மேசைக்காரர். அவருடைய தொட்டியில் துத்தநாகத்துக்குப் பதில் நிக்கல் சேர்த்த கலவை. இரண்டில் எது தாங்குகிறதோ அதுதான் மேற்கொண்டு போகும். விடுமுறையில் கூடத்தின் சாவி அவரிடம். பட்டையில் எண் குத்தும் உளியும் அவரிடம். அவருடைய பட்டைகள் மட்டும் கறுத்தது கறுத்தபடி நிம்மதியாகத் தொங்கின.

"சேஷன் சார், லீவுல என் டாங்கை யாராவது தொட்டாங்களா?"

சேஷன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியாதே." பிறகு வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதைப் பெருசு பண்ணாதீங்கோ. உங்க கலவையில புதுப் பட்டை வேணும்னா எங்கிட்ட இருக்கு, தரேன்."

எடுத்தவனே கொடுக்கவும் வருகிறான் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் இரண்டு நாள் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் உள்ளே வந்தால் அவர் பேச்சை நிறுத்தினார். தொட்டிப் பக்கம் அவள் போனால் அவர் டீ குடிக்கப் போனார். குற்றம் செய்யாத ஆளுக்கு இத்தனை டீ எதற்கு? அவள் தன் நோட்டை லாட்ஜ் அறைக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.

மூன்றாம் நாள், பிரிவுத் தலைவர் வெங்கடேஸ்வரனுக்கு எழுதிக் கொடுத்தாள், சேஷன் பெயரைப் போட்டே. அவர் வாசித்துவிட்டு, எல்லோரும் பார்க்கச் சேஷனைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார். சேஷன் சாவியை மேசைமேல் வைத்தார். தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

"மாத்தினதுக்கு ப்ரூஃப் உண்டா?" என்றார் வெங்கடேஸ்வரன்.

"வெந்நீர் போதும் சார்."

ஒவ்வொரு பட்டையும் இன்ன சூட்டில்தான் தன் பழைய வடிவமான சுருளுக்குத் திரும்பும் என்று தொடக்கத்திலேயே அவள் அளந்து நோட்டில் எழுதியிருந்தாள். எண்ணை யாரும் குத்தலாம். அந்தச் சூட்டை யாரால் குத்த முடியும்? முதல் பட்டையை நிமிர்த்தித் தண்ணீரில் விட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி சூடேற்றினாள். ஐம்பத்தெட்டு டிகிரியில் அது சோம்பல் முறிப்பதுபோல் அசைந்து சுருண்டது. நோட்டிலும் ஐம்பத்தெட்டு. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது வரைக்கும் ஒவ்வொன்றும் நோட்டில் தனக்கு எழுதியிருந்த சூட்டிலேயே சுருண்டது. எல்லாம் அவளுடைய பட்டைகள்தான். யாரும் மாற்றவில்லை.

அப்படியானால் களிம்பு எங்கே போனது? நூல் கோக்கும் துளையை லென்ஸில் பார்த்தாள். பழுப்பாக ஒரு நார் சிக்கியிருந்தது. அதற்கு லென்ஸே வேண்டாம். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போய் வீட்டில் பித்தளைக் குடத்தை விளக்குகிறவளுக்குப் புளி நாரைத் தெரியாதா?

கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் மாடம்மாள், சாலைக் கடைத்தெருவிலிருந்து வருகிறவள், வராந்தாவில் வாளியோடு நின்றாள்.

"மாடம்மாக்கா, இதைப் புளி போட்டுத் தேச்சது நீங்களா?"

"பின்னே ஆரு?" மாடம்மாள் முகம் மலர்ந்தது. "பூஜைக்கு எல்லாரு சாமானும் வச்சாச்சு. சேஷன் சாருக்க அளவுகோலு, பெரிய சாருக்க பேனா. உங்களுக்க சாமான் மட்டும் இல்ல. நீங்க வேதக்காரங்க, கேட்டா வேண்டாம்பீங்க, அதான் கேக்கல்ல. களிம்போட சாமி முன்ன வைக்க ஒக்குமா? நல்லா வெளக்கி, சந்தனம் தொட்டு, மூணு நாளு வச்சேன், பெரிய சாருதான் கற்பூரம் காட்டினாரு. பொறவு தண்ணில கழுவி நம்பர் பாத்துத் தொங்கவும் விட்டேன். உங்க வேல நெலைக்கணும்லா, மேடம்."

ராஜபாய் கோபப்படத்தான் நினைத்தாள், ஆனால் சேஷனைத் தேடிப் போனாள்.

சேஷன் காண்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் நின்றாள். "பூஜையில என் பட்டையைப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்." டம்ளரை நகர்த்தினார். "நீங்கதான் வச்சுட்டு ஊருக்குப் போயிருக்கேள்னு நினைச்சேன். உங்காத்துல, சர்ச்சுல தெரிஞ்சா சங்கடம் இல்லையா? அதை மறைக்கத்தான் யார் தொட்டான்னு கேக்கறேள்னு பட்டது, வாயைத் திறக்கலை."

"சாவியைக் கேட்டப்போகூடவா?"

"அப்போ சொன்னா உங்களைன்னா பிடிச்சுப்பா."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருவர் தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று இருந்திருக்கிறார். அவள் அவருடைய டீயை எண்ணிக்கொண்டிருந்தாள். இதைவிடக் கேவலம் வேண்டுமா?

அன்றைக்கே இன்னொரு கடிதம் எழுதினாள். சேஷன்மேல் குற்றமில்லை, புகாரை வாபஸ் வாங்குகிறேன், தொட்டியைப் பூட்டாமல் ஊருக்குப் போனது என் தப்பு. மாடம்மாள் தினக்கூலி, அந்தப் பெயரை எழுதவில்லை.

"தேச்சது யார்?" என்றார் வெங்கடேஸ்வரன்.

"பூஜையில இருந்தது சார். நீங்கதான் கற்பூரம் காட்டியிருக்கீங்க."

சந்தனம் வைத்த ஆறு பட்டைகள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், நிரந்தரம் பற்றி அதற்கப்புறம்தான் பேச முடியும் என்றார். அவள் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். சேஷனுடைய சாவியைக் கேட்டு வாங்கி, தானே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து மன்னிப்புக் கேட்டாள்.

திரும்பும்போது மாடம்மாள் வழியை மறித்தாள். "வேல நெலச்சாச்சா, மேடம்?"

"இன்னும் இல்லக்கா. இன்னும் கொஞ்ச மாசம் ஆகும்."

மாடம்மாளின் முகம் சுருங்கிப்போனது. "நான் வச்சது பலிக்கல்லியோ?"

ராஜபாயால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பலிக்கும். அடுத்த பூஜைக்கு நான் ஊருக்குப் போகல. நானே எடுத்துத் தாறேன், வையுங்க. ஆனா புளி போடக்கூடாது."

"களிம்போடேயா?"

"களிம்போடதான், அக்கா."