மணிக்கொரு துளி

அறுத்த கதிரை உப்பட்டியாக, சிறு சிறு குவியலாக அடுக்கக் குனிந்தபோது இராசாத்தியின் இடது கண்ணை நெல்தாள் கீறியது. சேற்றுக் கையாலேயே கசக்கிவிட்டாள். மூன்றாம் நாள் கருமணியில் வெள்ளை விழுந்தது. கொக்கட்டிச்சோலையிலிருந்து புறப்பட்டு, இராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு பகல் காத்திருந்து, வாவியைக் கடந்து அவள் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. புருஷன் காணாமல்போய் ஏழு வருடம். இரண்டு பெண்பிள்ளைகளும் அவளுடைய கூலியில்தான் சாப்பிட்டார்கள்.

வழமையான மருந்துக்குக் கிருமி அசையவில்லை. டாக்டர் எழுதிய சொட்டுமருந்து எங்கும் கிடைக்கவில்லை. மருந்தாளர் கைறுன்னிஸா அலுமாரிகளைத் துழாவி, ஊசிக்கென்று வந்த தூள்குப்பிகள் இரண்டைக் கண்டெடுத்தாள். டாக்டரிடம் அளவு கேட்டுக் கரைத்தாள். மணிக்கொரு துளி விடவேண்டும். வார்ட்டில் ஆள் போதாததால் பகலெல்லாம் அவளே வந்தாள்.

"இது என்ன மருந்து மிஸ்?"

"பொலிமிக்சின். மண்ணுக்க இருக்கிற ஒரு பக்டீரியா செய்யிறது."

"மண்ணால வந்த வருத்தத்துக்கு மண்ணையே ஊத்துறீங்களா?"

கைறுன்னிஸா சிரித்துவிட்டாள். "மண்ணுக்கயும் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் சண்டைதான் அக்கா. அந்த பக்டீரியா, புரதத்தில இருக்கிற மாதிரிச் சின்னச் சின்ன மணியக் கோத்து, வளையமாக்கி, வால் ஒண்டும் வெச்சு வெளிய விடும். அது மத்தக் கிருமிட தோலில ஒட்டி, வாலச் செருகிக் கிழிச்சிரும். உள்ளுக்க இருக்கிறதெல்லாம் ஒழுகிக் கிருமி செத்துப்போகும்."

"அப்ப எண்ட கண்ணுட தோல்?"

"நம்மட தோல் வேற மாதிரி. அதில லேசில ஒட்டாது."

நான்காம் நாள் இராணுவம் பாதையைப் பூட்டிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள் கைறுன்னிஸா.

"வீடு எங்க மிஸ்?"

"ஏறாவூர்."

தொண்ணூறில் தமிழ் இயக்கத்தார் ஓர் இரவு அங்கே வீடு வீடாகப் புகுந்து முஸ்லிம்களைக் கொன்றது இராசாத்திக்கும் தெரியும்.

"தம்பியும் மச்சியும்," என்றாள் கைறுன்னிஸா, கேட்காமலே.

"அதே வருசம்தான் எண்ட மனிசனையும் ஆமிக்காரங்க கூட்டிப்போனவங்க."

கைறுன்னிஸா மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு, "மேல பாருங்க," என்று இமையை இழுத்துத் துளியை விட்டாள்.

புண் ஆறி, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். கருமணியில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. இராசாத்தி கைறுன்னிஸாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"கைய கழுவாமக் கண்ணத் தொடாதீங்க," என்றாள் கைறுன்னிஸா.

திரும்பும் தோணியில் இராசாத்தி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பாலில் நனைத்ததுபோல வாவி கலங்கித் தெரிந்தது. எதிர்க்கரைக் கண்டல் மரத்தில் ஏதோ வெள்ளையாகச் சிக்கியிருந்தது. கிழிந்த சீலைத்துண்டு என்று நினைத்தாள். தோணி நெருங்கியதும் அது கழுத்தை நீட்டி, சிறகு விரித்து, தண்ணீரை ஒட்டிப் பறந்தது.