அத்தான் பேசினால் விமானம் பறக்கும்

அவளுக்கு வேலையே விளையாடுவதுதான். அக்காவின் கணவர் நடத்திய கணினி விளையாட்டுக் கம்பெனியில், வந்ததும் கம்பிகள் தொங்கும் ஒரு தொப்பியை மாட்டிக்கொள்வாள். தொப்பிக்கும் மண்டைக்கும் நடுவே பசை தடவ வேண்டும். சாயங்காலம் தலையை அலசி மாளாது. தொட்டு அமுக்க ஒரு பட்டன் கிடையாது. தொப்பி மூளை அலைகளைப் படித்துக் கணினிக்குச் சொல்லும். மனம் அமைதியானால் திரையில் விமானம் மேலே ஏறும். பதறினால் கடலில் விழும்.

விளையாட்டை விலைக்கு வாங்க ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. அத்தான் புதுச் சட்டையில் வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்க முன்னாடி நாம ரெண்டு பேரும் போட்டி போடறோம். நீ தோத்துடு."

"எப்படி அத்தான்? கையால ஆடறதுன்னா விட்டுக்கொடுக்கலாம். இது மனசாச்சே."

"ஏதாவது கவலைப்படேன். உனக்குக் கவலையா இல்ல?"

அம்மாள் வந்தார். போட்டி தொடங்கியது. அமைதியாக இருந்தே தீருவேன் என்று அத்தான் பல்லைக் கடித்தார். அவர் விமானம் நேரே கடலுக்குள் போனது. அடுத்ததும் போனது. அவளும் சொன்ன சொல் தவறாமல் கவலைப்பட்டாள். குளியலறை ஒழுகுவதை நினைத்தாள். பிடுங்கவேண்டிய கடைவாய்ப் பல்லை நினைத்தாள். அவள் விமானமும் தண்ணீரைத் தொடப் பார்த்தது.

அத்தான் சமாளிக்க வாயைத் திறந்தார். "மேடம், இந்த யோசனை எனக்கு எப்படி உதிச்சுதுன்னா..."

அவ்வளவுதான். கல்யாண வீட்டிலும் ஆபீஸிலும் அவள் கேட்டுச் சலித்த கதை அது. முதல் வாக்கியம் முடிவதற்குள் மனம் பழக்கதோஷத்தில் எங்கோ கிளம்பிவிட்டது. தோள்கள் தளர்ந்தன. விமானம் மேகத்தைத் தாண்டியது. இறக்கிவிட எண்ணிப் பல்லைத் தேடினாள். எந்தப் பல் என்பதே மறந்துபோயிருந்தது.

"என்னம்மா நினைச்சே?" என்றார் அம்மாள்.

"ஒண்ணும் நினைக்கல மேடம். அத்தான் பேசறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாளோ பசையைப் பொருட்படுத்தாமல் தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டார். "பேசுங்க சார்."

அத்தான் தயங்கித் தயங்கித் தொடங்கினார். அம்மாளின் கண் சொக்கியது. விமானம் திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது.

விளையாட்டு விலைபோனது. ஒரே நிபந்தனை, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அத்தான் குரல் ஒலிக்க வேண்டும்.

"என் பேச்சுல ஒரு சக்தி இருக்கு, பாத்தியா?" என்றார் அத்தான்.

"இருக்கு அத்தான்," என்றாள் அவள், மனதாரவே.

இப்போது ஒலிப்பதிவு நடக்கிறது. அது முடியும்வரை வீட்டில் அவர் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, அந்தப் பதிவை இன்னும் கொஞ்சம் இழுக்க முடியுமா?"