சென்னியம்மாள் தட்டாத தகரம்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது, தப்பு என்னுடையது. 1983 தை மாதம், வெண்ணந்தூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கு நாரை பார்க்கப் போயிருந்தேன். ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு டிக்கெட் கிழித்தார்கள். கருவேல மரங்களில் அடைகாத்திருந்த நாரைகளைக் கிளப்பிக் காட்ட* ஒரு பெண் தகரம் தட்டினாள். வானம் நிறைந்துபோனது. நான் கைதட்டி, “இன்னொரு தடவை” என்றேன்.

அந்தப் பெண்தான் சென்னியம்மாள்.

(* இதற்குத் தனி டிக்கெட்.)

2

முதல் தொடக்கம்: ‘பொன்னிறக் காலைப் பொழுதில் ஏரி…’ (வேண்டாம். நான் போனது மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாவது: சோளக்காட்டில் குருவி ஓட்டுவதில் சென்னியம்மாளை மிஞ்ச ஆளில்லை. பரண்மேல் நின்று அவள் தகரம் தட்டினால் அடுத்த காட்டுக் குருவிகூடக் கிளம்பிவிடும். அதைப் பார்த்துத்தான் கமிட்டித் தலைவர் அப்புசாமிக்கு அந்த யோசனை வந்தது. பறவை என்றாலே ஓட்டுவதற்கு என்று பழகிய ஊர். உட்கார்ந்திருக்கிற பறவையைப் பார்க்க யாராவது பஸ் ஏறி வருவார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

வசூல் கொட்டியது. அந்தக் காசில் ஏரி மதகைப் பழுதுபார்க்க ஆரம்பித்தார்கள்.

3

நான் வந்துபோன மறுவாரம் அவள் அதைக் கவனித்தாள். நாரைகள் எழும்பியதும் காக்கைகள் கூடுகளில் இறங்கின. அவள் தட்டத் தட்ட, அவை முட்டையைக் கொத்தித் தின்றன.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆளில்லை. தகரத்தைக் கொண்டுபோய் அப்புசாமி முன்னால் வைத்தாள்.)

“இனி என்னால ஆகாதுங்க.”

“பறக்கலீன்னா டவுன்காரங்க எதுக்கு வாராங்க சென்னியம்மா? மதகு வேலை பாதி கெடக்குது.”

“தட்டுனா இந்த வருசம் வருவாங்க. குஞ்சு தங்காத மரத்துக்கு அடுத்த வருசம் நாரையே வராதுங்க. அப்பறம் எதக் காட்டி டிக்கெட் கிழிப்பீங்க?”

“தகரத்த நீயே வெச்சுக்க” என்றார் அப்புசாமி. கமிட்டி கூடி, இனிமேல் தகரம் கிடையாது, கரையில் நின்றே பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தது. கூட்டம் பாதியானது, மதகு வேலை நின்றது. ஊரில் பலர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நாரைகளும் அந்த வருடம் சீக்கிரமே போய்விட்டன.

4

மறுவருடம் ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தது. கார்த்திகை வந்தும் மரங்கள் வெறுமையாகவே நின்றன. சென்னியம்மாள் தினமும் கரைக்குப் போய்ப் பார்த்தாள். ‘அவள் மனம் அந்த மரங்களைப்…’ (விட்டுவிடுகிறேன். அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.)

முடிவு அ: நாரைகள் வரவே இல்லை. படித்த நண்பர், “கனமான கதை” என்றார். எனக்கோ இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்னொரு தடவை என்று கேட்டவன் நான்தானே.

முடிவு ஆ: மார்கழியில் நாலு நாரை வந்து இறங்கின. வாரம் திரும்புவதற்குள் எண்ணி மாளவில்லை. அப்புசாமி மூச்சிரைக்கக் கரையேறி வந்தார்.

“வந்துருச்சு சென்னியம்மா.”

“மெதுவாப் பேசுங்க. கூடு கட்டீட்டு இருக்குது.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது, எனக்கும்.

5

நியாயமாக நாரைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்ப, வானம் நிறையக் கதை முடிய வேண்டும். நல்ல கடைசி வரி, எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் அவை எழும்ப யாராவது தகரம் தட்டியாக வேண்டும். நான் தட்டுவதாக இல்லை. உங்களுக்கு அந்த வரிதான் வேண்டுமென்றால், தகரம் சென்னியம்மாள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது. போய் அவளிடமே கேட்டுப் பாருங்கள்.