ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு நோட்டீஸ்

"கட்டுரையில என் பேர முதல்ல போடுங்க சார்."

இதை மட்டும் ஆய்வு வழிகாட்டி சத்தியநேசன் சாரிடம் கேட்டுவிடாதே என்று சீனியர் ரேஷ்மி அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "ஏட்டி, கேட்டேன்னா பேரப்பிள்ளை எடுத்த பொறவுதான் உனக்கு டாக்டர் பட்டம் கிட்டும்." எங்கள் வீட்டில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டுவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "முதல்லயா?"

"நாலு வருஷமா செயற்கைக்கோள் தரவ உருட்டினது நான் சார். இந்தியப் பெருங்கடல் ஒரு வருஷம் மேற்கே சூடாவுது, ஒரு வருஷம் கிழக்கே. எது எப்படி ஆனா நாஞ்சில் நாட்டுல ஐப்பசி மழை கூடுதுன்னு கண்டுபிடிச்சதும் நான்."

"பேர்ப் பட்டியல முழுசா பாரு மக்களே" என்று மகளிடம் சொல்வதுபோலச் சொல்லித் தாளை நீட்டினார்.

சார் தம் ஊர் சர்ச் சபைக்குச் செயலர். ஆண்டுவிழா நோட்டீஸ் வருஷாவருஷம் அவர் கைவண்ணம்தான். அதே கையோடு ஆய்வுக் கட்டுரைக்கும் நோட்டீஸ் அடித்து வைத்திருந்தார். தலைமை: அவர். முன்னிலை: கல்லூரித் தாளாளர். வாழ்த்துரை: மூன்று துறைத்தலைவர்கள், அதில் ஒருவர் தாவரவியல். சிறப்பு விருந்தினர்: அவர் மச்சான் பிரைட்டன்.

"பிரைட்டன் அண்ணனுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?"

"மண்டைக்காட்டுக் கடல அளக்க நம்மள கார்ல கொண்டுபோனான்லா?"

"அங்க நாம பஜ்ஜிதான் தின்னோம் சார். தெர்மாமீட்டர் காரிலேயே கிடந்துது."

"அவன் பேர விட்டா வீட்டுல எனக்குச் சோறு கிட்டாது, கேட்டியா. உன் பேரும் இருக்கு. கீழ பாரு."

கடைசி வரி. நன்றியுரை: ஷிபா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. எந்தத் திசை என்று கேட்காதீர்கள், இரண்டும்தான்.

"கோவப்படாத. நீயே சொன்னல்லா, ஒரு வருஷம் மேற்கு, ஒரு வருஷம் கிழக்குன்னு? அதுபோல இந்த வருஷம் நான், அடுத்த வருஷம் நீ."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. கடலே மாறுது சார், நீங்க மாறல்ல."

சார் பேனாவை எடுத்து யோசித்தார். முகம் மலர்ந்தது. "சரி, உன்ன ஆரம்ப ஜெபத்துல போடுகேன். நோட்டீஸ்ல அதுக்கு முன்னால ஒண்ணும் வராது!"

"நான் ஜெபிக்கல சார். கணக்குப் போட்டேன்."

"பின்னே என்னதான் செய்யணும்ங்குற?"

"ஒண்ணும் வேண்டாம். காலையிலேயே நம்ம துறை ஜினி மேடத்தப் பாத்து, அவுங்களையே வழிகாட்டியா மாத்தக் கையெழுத்து வாங்கியாச்சு. கேக்காமலே போயிட்டாள்னு நீங்க சொல்லப்படாதுன்னுதான் கேட்டேன்."

சாரின் பேனா மேசையில் விழுந்தது. "அப்ப இந்த வரைபடமெல்லாம் யாரு போடுவா?"

"சிறப்பு விருந்தினர் போடுவாரு."

பையைத் தோளில் மாட்டினேன். "நன்றியுரை நான்தானே? நன்றி சார்."

நன்றியுரை முடிந்த பிறகு எந்த விழாவிலும் ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. நான் வெளியே நடந்தேன்.